கண்ணாடி எழுத்து

தூக்கம் வராம போன்ல ஒரு பழைய பிரிண்ட்டை ஜூம் பண்ணிட்டே போனா, எழுத்துக்கு நடுவுல ஒரு பொண்ணு பேரு. டயானா.

1575ல அடிச்சது. இயேசு முன்னாடி ஒரு பொண்ணை இழுத்துட்டு வந்து நிறுத்துவாங்களே, அந்தக் காட்சி. மூலப்படம் ஓவியர் ஜூலியோ ரொமானோவோடது, செப்புத்தகட்டுல உளியால கோடு கோடா வெட்டினது டயானா ஸ்குல்தோரி. இத்தாலில மான்துவாக்காரங்க, தொழில் கத்துக் குடுத்தது அப்பா.

தகட்டுல இடவலம் மாத்தி வெட்டினாத்தான் பேப்பர்ல நேரா விழும், அவங்க பேரும் அப்படித்தான். நான் இப்ப ஒரு பேப்பர்ல என் பேரைத் திருப்பி எழுதிப் பாத்தேன், ரெண்டாவது எழுத்துலயே மண்டை காஞ்சிடுச்சு.

ஓவியர்களோட வாழ்க்கைக் கதைகளை எழுதின வசாரி 1566ல மான்துவா போனப்ப இவங்க வேலையைப் பாத்து அசந்து போய் தன் புக்ல எழுதி வெச்சாரு. அப்புறம் டயானா ரோம் வந்து, 1575ல போப் பதிமூணாம் கிரிகோரிகிட்டயே பிரிண்ட் போட்டு விக்க உரிமை வாங்கிட்டாங்க, அதாவது கிட்டத்தட்ட காப்பிரைட்! புருஷன் கட்டடக்கலைஞர், அவரு டிசைனையும் இவங்க செதுக்கியிருக்காங்க.

அண்ணன் தம்பியோ அப்பாவோ பேரு போட்டா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. இவங்க தன் பேரையே வெட்டினாங்க.

இன்னும் ஜூம் பண்ணிட்டுத்தான் இருக்கேன். மணி ரெண்டரை.