கண்ணாடிப் பாத்திரத்தில் சோறு

அக்டோபர் 7, 2024, திங்கள்

ஆய்வுக்காகச் சமையல் வகுப்பைப் பார்க்கப் பள்ளியின் அனுமதிக் கடிதம் வரவில்லை. கும்பகோணத்திலிருந்து அம்மாவின் எக்ஸ்ரே வந்துவிட்டது. வலது மணிக்கட்டு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அக்டோபர் 8

அப்பாவிடம் கேட்டால் "சாப்பிட்டாச்சும்மா" என்கிறார். என்ன சாப்பிட்டீங்க என்றால் டோக்கியோவில் மழையா என்று கேட்கிறார்.

அக்டோபர் 10, வியாழன்

ஐந்தாம் வகுப்பில் இன்று பொத்தான் தைத்தார்கள். தொடங்கும்போது ஆளுக்கு எத்தனை ஊசி என்று எண்ணிக்கொள்கிறார்கள், முடிந்ததும் மறுபடி எண்ணுகிறார்கள். ஒன்று குறைந்தால் கிடைக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

ஜன்னலோரம் ஒரு பையன். தையல் நன்றாகவே வருகிறது, கடைசி முடிச்சுதான் வரவில்லை. 'தமதோமே' என்பார்கள். நூல் வெளியே வந்த இடத்தில் ஊசியைப் படுக்கவைத்து, நூலை அதன்மேல் இரண்டு மூன்று சுற்று சுற்றி, அந்தச் சுற்றைக் கட்டைவிரலால் அழுத்தியபடியே ஊசியை உருவ வேண்டும். உருவுகிற நொடியில் அவன் விரலை எடுத்துவிடுகிறான். முடிச்சு துணியை விட்டு ஒரு சென்டிமீட்டர் தள்ளி அந்தரத்தில் விழுகிறது, பொத்தான் தொங்குகிறது. நான்கு முறை பிரித்தான். ஐந்தாவது முறை நூலைச் சுற்றும்போது மணி அடித்துவிட்டது.

ஆசிரியை பக்கத்திலேயே நின்றார். ஒரு தடவைகூட வாங்கிச் செய்து கொடுக்கவில்லை. எனக்குத்தான் கை பரபரத்தது.

அக்டோபர் 14, விளையாட்டு நாள் விடுமுறை

நாள் முழுக்க அறையில். ஆண்டுகளை வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

1947இல் 'கதேய்கா' என்ற வீட்டியல் பாடம் பிறந்தபோது தொடக்கப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்பில் பையன்களுக்கும் உண்டு, பெண்களுக்கும் உண்டு. போருக்கு முன் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் கற்பித்த தையல், வீட்டு வேலை போன்றதல்ல இது, மக்களாட்சிக் குடும்பத்துக்கான பாடம் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். மேல் வகுப்புகளில் அந்தப் பேச்சு பதினைந்து வருஷத்துக்குமேல் நிற்கவில்லை. நடுநிலைப்பள்ளியில் 1962 முதல் பையன்களுக்குத் தொழில்நுட்பம், பெண்களுக்கு வீட்டியல். உயர்நிலைப்பள்ளியில் 1973 முதல் பெண்கள் எல்லாருக்கும் கட்டாயம். அந்த மணி நேரத்தில் பையன்கள் பல இடங்களில் ஜூடோ, கெண்டோ போன்ற தற்காப்புக் கலை பழகினார்கள்.

1974இல் இதை எதிர்த்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் இச்சிகாவா ஃபுசாயேவும் ஒருவர். பெண்களின் வாக்குரிமைக்காக இளமையெல்லாம் போராடியவர், எண்பது வயதில் பையன்களுக்கும் சமையல் வகுப்பு வேண்டும் என்று நின்றிருக்கிறார். அவர் பெயரை எழுதும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

1980 ஜூலையில் கோபன்ஹேகனில் தகாஹாஷி நொபுகோ, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஜப்பானின் முதல் பெண் தூதர் அவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பாடத்திட்டம் என்கிறது அந்த ஒப்பந்தம். அதை முறைப்படி ஏற்க மூன்று விஷயம் குறுக்கே நின்றது: குடியுரிமைச் சட்டம், வேலைவாய்ப்புச் சட்டம், மூன்றாவது இந்தப் பாடம். 1985இல் ஏற்றார்கள். 1989இல் பாடத்திட்டம் திருத்தினார்கள். 1993இல் நடுநிலைப்பள்ளியிலும் 1994இல் உயர்நிலைப்பள்ளியிலும் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பாடம் ஆனது.

அப்பா பள்ளியில் படித்த வருஷங்களைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பிறகு அடித்துவிட்டேன்.

அக்டோபர் 15

கடிதம் இல்லை.

அக்டோபர் 19, சனி

சைக்கிள் கடை அண்ணன் தம்பி. அண்ணன் 1977இல் பிறந்தவர், தம்பி 1979. 1994 என்ற கோடு இருவருக்கும் நடுவில் போகிறது. இப்படி ஒரு வீடு கிடைக்க ஏழு மாதம் தேடினேன்.

அண்ணனுக்குத் தொடக்கப்பள்ளியில் படித்தது கொஞ்சம் நினைவிருக்கிறது. உயர்நிலைப்பள்ளி என்றால் ஜூடோ கூடத்தில் பாய்மேல் விழுந்து கிடக்கும்போது சமையலறையிலிருந்து வந்த வெங்காய வாசனைதான். தம்பி அதே பள்ளியில் அதே சமையலறைக்குள் போனவர். வீட்டுக் கணக்கு எழுதியதையும் குழந்தை வளர்ப்புப் பாடத்தையும் சொன்னார். பரீட்சைக்குப் படித்தேன், அவ்வளவுதான் என்றார்.

அவர்கள் அம்மா கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் இருந்திருக்கிறார். கஞ்சி வைத்தது தம்பி, மருத்துவமனைக்கு வண்டி ஓட்டியது அண்ணன். அண்ணன் டீக்கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே சொன்னார்: "என்னைக் கேட்டிருந்தால் செய்திருப்பேன். யாரும் கேட்கவில்லை." கொஞ்சம் கழித்து அதையே மறுபடி சொன்னார்.

இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆய்வுக்கு வழிகாட்டும் சென்செய் முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார், கேட்க வேண்டியதும்தான். தம்பிக்குச் சமையலில் இயல்பாகவே ஆசை இருந்திருக்கலாம். ஆனாலும் ரயிலில் வரும்போது அந்த வாக்கியம் கூடவே வந்தது. கேட்டிருந்தால்.

அக்டோபர் 22

அனுமதி வந்துவிட்டது! வெள்ளிக்கிழமை, சமையல் வகுப்பு. பிள்ளைகள் ஆளுக்கு 80 கிராம் அரிசி வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். கோடையில் கடைகளில் அரிசித் தட்டே காலியாகக் கிடந்தது. புது அரிசி வந்தும் விலை இறங்கவில்லை. அந்த 80 கிராமை எந்த வீடாவது இருமுறை யோசித்து அளந்திருக்குமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.

அக்டோபர் 25, வெள்ளி

சோறும், புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பும். தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் இந்த இரண்டையும் பெயர் சொல்லியே வைத்திருக்கிறார்கள். பச்சை மீன், இறைச்சி இந்த வயதில் கிடையாது.

நாலு பேர் ஒரு மேசை. 320 கிராம் அரிசி, எடையில் ஒன்றரை மடங்கு தண்ணீர், 480 மில்லி. களைந்து அரை மணி ஊறப்போட்டார்கள். அதற்குள் காய்ந்த நெத்திலியின் தலையையும் வயிற்றையும் கிள்ளி நீக்கித் தண்ணீரில் போட்டார்கள்.

பாத்திரம் கண்ணாடி. அடுப்பில் ஏற்றியதும் மூடியைத் திறக்கக் கூடாது, உள்ளே நடப்பதை வெளியிலிருந்தே பார்த்து எழுத வேண்டும். எங்கள் மேசையில் தீக்குப் பொறுப்பு அந்த முடிச்சுப் பையன். முட்டி போட்டு, கண்ணைப் பாத்திரத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து உட்கார்ந்தான். முதலில் அடியில் சின்னச் சின்னக் குமிழி. பிறகு ஒவ்வொரு அரிசியாகக் கிளம்பிச் சுழன்றது. பிறகு மொத்தமும் பொங்கி மூடியைத் தள்ளியது. "இப்போ!" என்று அவனே சொல்லித் தீயைக் குறைத்தான். தண்ணீர் இறங்கி அரிசி நடுவே துளைகள் தெரிந்ததும் இன்னும் குறைத்தான். அணைத்தபின் பத்து நிமிஷம் புழுங்கவிட வேண்டும். அந்தப் பத்து நிமிஷம் அவன் அசையவே இல்லை.

அடியில் லேசாகப் பொன்னிறக் காந்தல். அதைச் சுரண்டி எனக்கும் ஒரு துண்டு வைத்தான்.

எங்கள் வீட்டில் சோற்றை எட்டிப் பார்க்கவும் அப்பா அடுப்படிக்கு வந்ததில்லை. வரச்சொல்லி நாங்கள் யாரும் கூப்பிட்டதும் இல்லை.

அக்டோபர் 31

தீபாவளி. அண்ணி கும்பகோணம் வந்து இரண்டு நாள் சமைத்துவிட்டு நாளை சென்னை திரும்புகிறாள். எனக்கு ஆய்வகத்தில் கடைசி ரயில்வரை வேலை.

நவம்பர் 2

அம்மா இடது கையால் கஞ்சி வடிக்கப் போயிருக்கிறாள். பிடி நழுவிக் காலில் கொட்டிவிட்டது. "கொஞ்சம்தாண்டி, மேலாகத்தான்" என்கிறாள். காலைக் காட்டு என்றால் காட்டமாட்டேன் என்கிறாள். மெஸ் சாப்பாடு அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம், அதனால் எழுந்தாளாம்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அப்பாமேல் கோபமா, என்மேலா, தெரியவில்லை. வகுப்பில் முப்பது பிள்ளைகள் வடிக்காமலே சோறு ஆக்கினார்கள்.

நவம்பர் 4, விடுமுறை

இந்தியர்கள் நிறைய வாழும் நிஷி கசாய் போய்ப் புழுங்கலரிசி வாங்கிவந்தேன். பள்ளி அளவு இதற்குச் சரிவராது. ஒரு டம்ளருக்கு இரண்டு தண்ணீர்: விதை விதையாக நின்றது. இரண்டரை: மேலே சரி, நடுவில் இல்லை. மூன்று வைத்து, சின்னத் தீயில் மூடியைத் திறக்காமல் விட்டேன். பூப்போல வந்தது. இரவு மறுபடி ஒரு முறை வைத்துப் பார்த்தேன். வந்தது.

நவம்பர் 6

சென்செய் கட்டுரையின் மூன்றாம் இயலைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது ஊரெல்லாம் பேச்சு உயர்நிலைப்பள்ளிக் கதேய்காவில் சேர்ந்த முதலீட்டுப் பாடம்தான். 2022இலிருந்து வந்திருக்கிறது, அதே ஏப்ரலில் வயதுவந்தோர் வயதும் பதினெட்டாகியது. அது வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலான பள்ளிகள் நான்கு யூனிட் பாடத்தை விட்டு, பாதி நேரமே உள்ள இரண்டு யூனிட்டை எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் முதலீடும் வர வேண்டும், முதியோர் பராமரிப்பும் வர வேண்டும் என்றால் அடுப்புக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும்? இதை எழுதியே தீருவேன்.

நவம்பர் 9, சனி

அப்பாவைக் கேட்டேன். நேராகவே கேட்டேன். "அப்பா, சோறு வைக்கிறீங்களா? நான் சொல்றேன்."

ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு "இரு, பேனா எடுத்துட்டு வரேன்" என்றார். கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதினார். ஒரு டம்ளர், மூன்று டம்ளர், அரை மணி ஊற. "நடுவுல கிண்ட வேண்டாமா?" வேண்டாம்ப்பா. "வெந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்? எங்கிட்ட கண்ணாடிச் சட்டி இல்லியே." சத்தம் மாறும்ப்பா என்றேன். தண்ணி இருக்கிறவரை கொதிக்கும், வற்றினதும் லேசாகப் படபடவென்று கேட்கும்.

"சத்தம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அம்மா பின்னால் நாற்காலியில் இருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் 11, திங்கள்

வாய்மொழித் தேர்வு 20ஆம் தேதி என்று கடிதம். மூன்று மணியிலிருந்து அப்பா போனை எடுக்கவில்லை. அங்கே பதினொன்றரை.