காரை ஓடையும் சீட்டு அழிந்த இரண்டு மூட்டையும்

எங்கள் துறைக் கட்டடத்தின் பின்பக்கம் செடித்தொட்டிகளுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கற்களைப் பார்த்தால் மற்றவர்களுக்கு ஒன்றும் தோன்றாது. எனக்கு வயிறு எரியும். அத்தனையும் அரியலூர், பெரம்பலூர் பக்கம் வெயிலில் காய்ந்து நான் உடைத்தெடுத்த கிரெட்டேசியஸ் காலப் பாறை, அதாவது டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலத்தது. இரண்டு மூட்டை. பாதிக் கற்களில் சிப்பி அழகாகப் பதிந்திருக்கிறது, ஆனால் ஆராய்ச்சிக்கு நயா பைசா பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்று எழுதி வைத்த சீட்டு அழிந்துவிட்டது.

முனைவர் பட்ட ஆய்வுக்கான பதிவு, தலைப்பு, ஒப்புதல் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. இந்தப் பகுதி எதற்கு என்று படிவுப்பாறை படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடல் உள்ளே வந்து திரும்பிப் போன கதை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று பிரிவாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, 1862ஆம் ஆண்டு அறிக்கையில் நிலவியலாளர் பிளான்ஃபோர்ட் பிரித்த அதே மூன்று. தொல்லுயிரியலாளர் ஸ்டோலிஸ்கா இங்கிருந்து போன புதைபடிவங்களை வைத்துத் தொகுதி தொகுதியாக எழுதிவிட்டு 36 வயதில் லடாக்கில் இறந்துபோனார். நான் அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன், இன்னும் இரண்டாவது அத்தியாயம் முடியவில்லை.

முதல் அடி குவாரியில் விழுந்தது. கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லில் கிரிஃபியா, ஐனோசெராமஸ் என்ற பழங்காலச் சிப்பிகள் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும், ஆனால் நல்ல வெட்டுமுகம், அதாவது அடுக்குகள் வரிசையாகத் தெரியும் பாறைச்சுவர் பார்க்க வேண்டுமென்றால் சிமென்ட்டுக்குக் கல் எடுக்கும் குழிக்குள் இறங்கியாக வேண்டும். துறைத்தலைவர் கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்ட கடிதத்தோடு போனேன். வாசலிலேயே ஒருவர் வாங்கிப் பார்த்தார். "இது நிர்வாகத்துக்கு எழுதின லெட்டர் தம்பி. மைன்ஸ் மேனேஜர் பேருக்கு வேணும்." இரண்டு அலுவலகமும் ஒரே வளாகம்தான். நடுவில் ஒரு வேப்பமரம். கடிதத்தை அங்கேயே திருத்தித் தருகிறேன் என்றேன், முத்திரை இல்லாமல் செல்லாது என்றார். திரும்பி வந்தேன்.

இரண்டாம் முறை சரியான பெயரில் கடிதம் இருந்தது, காலில் பாதுகாப்பு ஷூ இல்லை. ஹெல்மெட் அவர்களே தருவார்களாம், ஷூ அளவு பார்த்துக் கொடுக்க முடியாதாம். மூன்றாம் முறை ஷூவோடு போனால் அன்றைக்கு வெடி வைக்கிறார்கள், வெளியாள் யாரும் உள்ளே போகக்கூடாது. நியாயம்தான், ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் போன் பண்ணிக் கேட்டபோது "வாங்க வாங்க" என்று சொன்னவரும் அவரேதான்!

நான்காம் முறை உள்ளே போனேன். முந்தின வருடம் ஒரு சீனியர் வரைந்து கொடுத்த வெட்டுமுகப் படத்தை வைத்துக்கொண்டு தேடினால் அந்த முகமே இல்லை. வெட்டி எடுத்து அரைத்து, இந்நேரம் எங்கோ வீட்டுச் சுவராகியிருக்கும். அதனால் குவாரியில் வேலை செய்யப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், "அடுத்த முறை வந்து அளந்துகொள்ளலாம்" என்று எதையும் விடாதீர்கள். கிடைத்த இரண்டு மணி நேரத்தில் அளவு, படம், சாம்பிள் மூன்றையும் முடித்துவிடுங்கள். கடிதத்தில் போகும் தேதியை ஒன்றாக எழுதாமல் ஒரு வார இடைவெளியாக எழுதுங்கள். நான் ஒரே தேதி எழுதி, தேதி கடந்துவிட்டதென்று ஐந்தாம் முறை அலைந்தது தனிக்கதை.

குவாரியோடு ஒப்பிட்டால் பெரம்பலூர் பக்கத்துக் காரை கிராமம் சொர்க்கம். அரிப்பில் வெட்டுண்ட ஓடைகளும் மொட்டை மேடுகளும், களிப்பாறையில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் ஜிப்சம் தகடுகள் வெயிலில் கண்ணைப் பறிக்கும், காலடியில் தோட்டா மாதிரி பெலம்னைட், கணவாய் மாதிரியான ஒரு பழங்கால உயிரின் புதைபடிவம். முதல் நாளே ஒரு பை நிறையப் பொறுக்கினேன். அப்படிப் பொறுக்கியதுதான் தப்பு. தரையில் கிடப்பது எந்த அடுக்கிலிருந்து கழன்று உருண்டு வந்தது என்று யார் கண்டது? இளநிலையிலேயே படித்ததுதான், பாறையில் பதிந்து இருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் முழு பெலம்னைட் ஒன்று கையில் கிடைத்ததும் புத்தி வேலை செய்யவில்லை.

அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார். "அதெல்லாம் மழைக்கு உருண்டு வந்ததுப்பா. அந்த மேட்டு விளிம்புல பாரு, ஒட்டிக்கிட்டு இருக்கும்." போய்ப் பார்த்தால் ஓடைத் தரையிலிருந்து என் தலைக்கு மேலே, பாஸ்பேட் முண்டுகளுக்குச் சற்றுக் கீழே, பாறையோடு பாறையாக ஏழு பெலம்னைட். அந்த ஏழும் இன்றைக்கு என் ஆய்வேட்டில் இருக்கின்றன. பொறுக்கிய ஒரு பை அடையாளம் காட்டப் பயன்படும் சாம்பிளாக வகுப்பறைக்குப் போனது. பெரியவர் இது டைனோசர் முட்டைதானே என்று ஓர் உருண்டைக் கல்லையும் நீட்டினார். 2020இல் குன்னம் பக்கம் குளம் வெட்டியபோது கிளம்பிய முட்டைப் பரபரப்புக்கு அப்புறம் இந்தப் பக்கம் யாரைப் பார்த்தாலும் இந்தக் கேள்வி உண்டு. அப்போது கிடைத்தவை அமோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரைச் சுற்றி இறுகிய உருண்டைகள். இதுவும் அந்த ரகம்தான். உடைத்துக் காட்டினேன், உள்ளே பாதி அமோனைட். அவருக்கு ஏமாற்றம், எனக்கு ஒரு சாம்பிள்.

அடுத்தது என் சொந்த மடத்தனம். கருடமங்கலம் மணற்கல்லில் ஒரு பகுதியை 120 மீட்டர் சமதரையில் நடந்து அளந்து, சாய்வு அளக்கும் கிளினோமீட்டரில் 18 டிகிரி எடுத்து, அடுக்கின் தடிமன் 37 மீட்டர் என்று எழுதிக்கொண்டு வந்தேன். கைடு நோட்டைப் பார்த்தார். "ஏம்ப்பா, இந்தப் படுகையில 18 டிகிரி எங்க பார்த்த?" நான் அளந்தது அடுக்குத் தளத்தை அல்ல, பழைய நீரோட்டம் மணலைச் சரிவாக விட்டுப்போன குறுக்கு அடுக்கை. உண்மையான சாய்வு 5 டிகிரி. தடிமன் 10 மீட்டர் சொச்சம். 27 மீட்டர் பாறையை நான் கற்பனையில் கட்டியிருக்கிறேன். அதற்குள் குறித்த சாம்பிள் உயரங்கள் எல்லாம் தப்பு, மறுபடி பஸ். ஒரே இடத்தில் சாய்வு எடுக்காதீர்கள், மேலும் கீழும் நாலு இடத்தில் எடுத்துப் பாருங்கள், களிமண் இடையடுக்கு கிடைத்தால் அதன் மேல் வைத்து எடுங்கள்.

பஸ் என்றதும் நினைவு வருகிறது. மூட்டையைத் தூக்கிப் பார்த்த கண்டக்டர் உள்ளே என்ன என்றார். கல் என்றேன். "கல்லா?" "ஆமாங்க, கல்." வண்டி சிரித்தது. லக்கேஜ் போட்டுக் கடைசி இருக்கைக்கடியில் தள்ளினார். அன்று மழை, காரையின் களிப்பாறை ஈரம் குடித்தால் ஊதிக் குழைந்துவிடும், சீட்டுகளை நான் ஜெல் பேனாவில் எழுதிச் சாம்பிளோடு ஒன்றாகப் பைக்குள் போட்டிருந்தேன். பையின் வெளியே மார்க்கரில் போட்ட எண்கள் ஒன்றோடொன்று உரசி அழிந்தன. மூன்று நாள் கழித்துப் பிரித்தபோது உள்ளே நீல நிறக் கூழ். மழைக்கு ஒதுங்குவதற்கு முன்பு எடுத்த கருடமங்கலம் சாம்பிள்களும் அதே கதி. செடித்தொட்டிக்குப் போனவை இவைதான்.

இப்போது பென்சிலில்தான் எழுதுகிறேன். சீட்டைத் தனியாகச் சின்ன ஜிப் பையில் போட்டுத்தான் சாம்பிளோடு வைக்கிறேன். கல் கெட்டியாக இருந்தால் அதன் மேலேயே ஒரு சொட்டு ஒயிட்னர் தடவி, காய்ந்ததும் எண்ணை எழுதிவிடுகிறேன், புதைபடிவத்தின் மேல் படாமல். ஜிபிஎஸ் எண் நோட்டில் ஒன்று, போனில் ஒன்று. அடுக்கிலிருந்து பெயர்க்கும் முன்பு மேல்பக்கம் எது என்று கல்லிலேயே அம்புக்குறி. இதைப் பார்த்து ஜூனியர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஆய்வகத்தில்தான் பெரிய கூத்து. களிப்பாறையை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகை நுனியால் ஃபோராமினிஃபெரா, அதாவது ஒற்றைச் செல் கடலுயிர்களின் நுண்ணிய ஓடுகளைப் பொறுக்கும் வேலை. ஒரு இரவு, காரை சாம்பிளில் அழகான ஒரு குளோபோட்ரங்கானா, ஃபோராமினிஃபெராவில் ஒரு வகை. காரையின் களிப்பாறை படிந்து முடிந்து பல மில்லியன் ஆண்டுகளுக்குப் பிறகு தோன்றிய உயிர் அது. அப்படியென்றால் அந்த அடுக்கின் வயதையே மாற்ற வேண்டும்! தூக்கம் போய்விட்டது. ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

காலையில் கைடு கேட்டது ஒரே கேள்வி. "சல்லடையைக் கடைசியா யார் யூஸ் பண்ணாங்க?" முந்தின நாள் இன்னொருவர், மூன்று பிரிவில் வயதில் இளையதான அரியலூர் பிரிவுச் சாம்பிள் கழுவியிருந்தார். வலைக்கண்ணில் சிக்கிக்கொண்டிருந்த ஒரு விருந்தாளி அது. அதற்கப்புறம் ஒவ்வொரு சாம்பிளுக்கும் முன்பு சல்லடையை மெத்திலீன் நீலக் கரைசலில் முக்கி எடுக்கிறோம். பழைய ஓடு ஏதாவது ஒட்டியிருந்தால் நீலமாகிவிடும், பொறுக்கும்போது நீலம் தெரிந்தால் தூக்கி எறிந்துவிடலாம். யாரும் எனக்கு இதை முதலில் சொல்லவில்லை. சல்லடைக்குப் பக்கத்துச் சுவரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன், பென்சிலில்.

போன வாரம் மறுபடி கழுவிய காரை சாம்பிளில் நீலம் ஏறாத, காலத்துக்குப் பொருந்துகிற ஓடுகள் மட்டும் 43 கிடைத்தன. கைடு நோட்டைப் பார்த்து "ம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம். குவாரிக்கு இன்னொரு முறை போக வேண்டியிருக்கிறது. மைன்ஸ் மேனேஜர் பெயரில் கடிதம் தயார், தேதி ஒரு வாரமாக எழுதியாயிற்று, ஷூ பையில் இருக்கிறது. மேனேஜர் மாறிவிட்டார் என்று நேற்று மாலை போன் வந்தது.