ஊறுகாய் ஜாடி

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு காயலான் கடை. எடைக்குப் போட்ட பித்தளைக் குழாய்களுக்கு நடுவே கிடந்தது அது. உள்ளங்கையளவு சதுரக் கண்ணாடி, மேலே கீல் வைத்த பித்தளை மூடி.

"இன்னா சார், ஊறுகா ஜாடியா?" என்றார் கடைக்கார பாய். மைக்கூடு என்று சொன்னால் விலை ஏறிவிடும். "ஆமா பாய்" என்றேன். 400 சொன்னார், 250-க்கு முடிந்தது.

ராயபுரம் வரும்வரை ஷேர் ஆட்டோவில் மடியிலேயே வைத்திருந்தேன். முக்கால் கிலோ இருக்கும். இத்தனை கனத்துக்கு உள்ளே மைக்குழி எலுமிச்சம்பழ அளவுதான். கட்டைப் பேனாவை ஓயாமல் தொட்டுத் தொட்டு எழுதும்போது கூடு கவிழக்கூடாதே, அதற்காகத்தான் அந்தக் கனம். விளிம்பை விரலால் தடவினேன், சுருக்கென்றது. பட்டை தீட்டிய கண்ணாடி! அச்சில் அழுத்தி எடுத்ததென்றால் விளிம்பு மழமழவென்று இருக்கும். என்னிடம் உள்ள 11 கூடுகளில் பட்டை தீட்டியது இதோடு இரண்டுதான்.

குழிக்குள் கன்னங்கரேலென்று ஒரு படிவு. அந்தக் காலத்து ஆபீஸ் கறுப்பு மையில் மாசிக்காயும் அன்னபேதியும் சேரும். குழந்தைக்கு உரை மருந்தில் இழைப்போமே, அதே மாசிக்காய்தான். அன்னபேதி இரும்பு உப்பு. காய்ந்தால் லேசில் விடாது.

ராத்திரி சோப்புத் தண்ணீரில் முக்கி வைத்தேன். காலையில் எடுத்தால் மூடி ஒரு கையில், கூடு மறு கையில். பக்கெட்டின் அடியில் வெள்ளையாகச் சேறு.

பித்தளை வளையத்தைக் கண்ணாடிக் கழுத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்துத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தை அடைக்க அது சுலபமான வழி. ஊறினால் கரைந்து உதிர்ந்துவிடும். இத்தனை வருஷமாகச் சேர்க்கிறேன், இது எனக்குத் தெரியாமல் போயிற்று.

"பாய்கிட்ட ஊறுகா ஜாடின்னு சொன்னீங்கல்ல, பலிச்சிடுச்சு" என்றாள் மனைவி.

எம்சீல் வைக்கச் சொன்னார் ஒரு நண்பர். அதை வைத்தால் அப்புறம் யாராலும் கழற்ற முடியாது. எனவே பிளாஸ்டரையே குழைத்தேன். முதல் தடவை வளையம் கோணிக்கொண்டது, மறுபடி ஊறப் போட்டேன். இரண்டாம் தடவை சரியாக உட்கார்ந்தது. மூடி இப்போது 'டக்'கென்று சாத்துகிறது.

கறுப்புப் படிவு மட்டும் அப்படியேதான் இருக்கிறது.