ஏகாதிபத்திய எதிர்ப்பு: ஒரு சொல்லின் வரலாறு

‘ஏகாதிபத்தியம்’ என்பதை ஏகம், ஆதிபத்தியம் என்று பிரித்தால் ‘ஒருவரே ஆளும் நிலை’ என்றுதான் வருகிறது. ஒரு நாடு பிற நாடுகளை அடக்கியாள்வது என்ற பொருள் பின்னர் வழக்கில் ஏறியது. ‘ஏகாதிபத்திய எதிர்ப்பு’ என்றதும் நமக்குச் செங்கொடியும் சுவரெழுத்தும்தான் நினைவுக்கு வரும். ஆனால், ஸ்பெயினின் பிடியிலிருந்த பிலிப்பைன்ஸை அமெரிக்கா தன்வசமாக்குவதை எதிர்த்து 1898 ஜூனில் பாஸ்டனில் உருவான ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தில் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகியும், தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸும், பின்னர் எழுத்தாளர் மார்க் ட்வைனும் துணைத்தலைவர்களாக இருந்தனர். (1892இல் கார்னகியின் ஹோம்ஸ்டெட் ஆலைப் போராட்டத்தில் தொழிலாளர்கள் சுடப்பட்டதை நினைத்தால் இது விந்தையான கூட்டணிதான்.) ஆளப்படுவோரின் சம்மதமின்றி ஆளக் கூடாது என்பது அவர்கள் வாதம், சிலரிடம் இனவெறுப்பும் கலந்திருந்தது. 1927 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டுக்கு நேரு சென்றபோது, அச்சொல் ஆளப்பட்டவர்களின் வாயில் இருந்தது.