பதினைந்து வரி

“மீதி இருக்குதா சார்?” என்று கேட்டார். “இல்லீங்க, அதெல்லாம் வச்சுக்கிறதில்லை” என்றேன். நடந்தது இவ்வளவுதான். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த நாளிதழில் என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருந்தும், வேறு ஏதோ யோசனையில் இருக்கும்போது அந்த “இல்லீங்க” வந்து முன்னால் நிற்கிறது.

வாசகர் கடிதம் என் பொறுப்பில் இருந்தது. உதவி ஆசிரியர்களில் கடைசியாகச் சேர்ந்தவன் தலையில் கட்டுகிற வேலை அது. சாக்கடை அடைப்பு, பஸ் நிற்காதது, ரேஷன் அரிசியில் கல், இவற்றையெல்லாம் பிழை திருத்தி, தலைப்புப் போட்டு, ஒன்றுக்குப் பதினைந்து வரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண நாளில் முப்பது நாற்பது கடிதம் வரும். 1990 மார்ச் கடைசியில் தபால்காரர் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டார். 1987இல் இந்தியா இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படையின் கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறியது 24ஆம் தேதி, சனிக்கிழமை. முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவ்வளவு போதும், ஊரே பேனாவை எடுத்துவிட்டது.

வந்த கடிதங்களைப் பிரித்து இரண்டு அட்டைப் பெட்டியில் போட்டேன். ஒரு பெட்டியில் ‘தேசத் துரோகி’, இன்னொன்றில் ‘இனத் துரோகி’. முதல் பெட்டியில் இருந்தவர்களுக்கு, வரவேற்கப் போகாதவர் பிரிவினைவாதி, அவர் கட்சிக்காரர்கள் எல்லாம் புலிகளின் கைக்கூலிகள். இரண்டாவது பெட்டியில், வரவேற்கப் போனவர்கள் டெல்லிக்குக் காவடி தூக்குகிறவர்கள், எட்டப்பர்கள். (எட்டப்பன் என்ற சொல் இருபது கடிதத்துக்கு ஒன்றிலாவது வரும். எட்டயபுரத்திலிருந்து ஒருவர், எங்கள் ஊர் என்ன பாவம் செய்தது, தயவுசெய்து வேறு ஆளைப் பிடியுங்கள் என்று எழுதியிருந்தார். அந்த வாரம் நான் சிரித்தது அதற்கு மட்டும்தான். அதை அச்சில் ஏற்றவில்லை.)

அப்போதே ஒன்றைக் கவனித்தேன். கொழும்பு அரசை யாரும் துரோகி என்று எழுதவில்லை. படை போனபோது அங்கே அதிபராக இருந்த ஜெயவர்த்தனாவுக்கு வேறு வசைகள் இருந்தன, இது மட்டும் கிடையாது. எதிரிக்கு இந்தச் சொல் பொருந்தாது. ஒரே பந்தியில் உட்கார்ந்தவனைத்தான் அப்படிக் கூப்பிட முடியும். எதிரியை மன்னிக்கலாம், துரோகியை மன்னிக்க முடியாது என்று மேடைக்கு மேடை சொல்வார்கள், கூட்டம் கைதட்டும். மன்னிக்க முடியாத அந்த ஆள் பக்கத்து வீட்டுக்காரன் என்பது கைதட்டும்போது தோன்றாது போலிருக்கிறது.

எங்கள் செய்தி ஆசிரியர் இதற்கு ஒரு விதி வைத்திருந்தார். “தம்பி, தராசு மாதிரி போடு. இந்தப் பக்கம் ஒரு துரோகி, அந்தப் பக்கம் ஒரு துரோகி. எவனும் நமக்கு போன் பண்ணக் கூடாது.” நான் அதை அட்சரம் பிசகாமல் செய்தேன். இரண்டு தரப்புக்கும் ஒரே நீளம், ஒரே எழுத்தளவு. ஒருநாள் இடது பத்தியில் இவர்கள் என்றால் மறுநாள் அவர்கள். அப்போது எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நடுநிலை என்றால் இதுதான் என்று நினைத்திருந்தேன். இப்போதும், அதைவிட நல்ல வழி என்ன என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் சொல்ல என்னால் முடியாது.

அந்தக் கட்டில்தான் அவருடைய கடிதமும் இருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள், இரண்டு பக்கமும் நீல மையில். வேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்து, அந்த ஜனவரியில் பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்திருந்த ஹவில்தார். இரண்டு பெட்டிக்கும் பொருந்தாத கடிதம் என்பது முதலில் எனக்குப் புரியவில்லை. ஏனென்றால் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு இரண்டாவது பெட்டியில் போட்டிருந்தேன்.

முதல் பக்கத்தில் இருந்தது இது. 1987 நவம்பர். அக்டோபர் 10ஆம் தேதி புலிகளோடு சண்டை ஆரம்பித்து, யாழ்ப்பாணம் படையின் கைக்கு வந்த பிறகு, வீடு வீடாகச் சோதனை. இவர் யூனிட்டில் பெரும்பாலும் வடக்கத்திக்காரர்கள். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் மட்டும். அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார்கள், இவர் விட்டார். அந்த அம்மா இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, நீர் தமிழே?” என்று கேட்டார். இவர் இந்தியில் “நஹீ” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். கையில் ஒட்டியிருந்த அரிசியைத் தெருவில் உதறினார். வெட்கப்பட்டேன் என்று எழுதியிருந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் அதே ஊரில் எங்களுக்கு மாலை போட்டார்கள் என்றும் எழுதியிருந்தார்.

பின்பக்கம்: மூன்று நாள் கழித்து, அதே தெரு முனையில் கண்ணிவெடி. இவரோடு ஒரே தட்டில் சாப்பிட்ட நண்பர் போய்விட்டார். அவர் பெயர், ஊர் எல்லாம் எழுதியிருந்தார். அப்புறம் இப்படி இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை நினைவில் இல்லை, கருத்து இதுதான்: மறுபடி அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது, வெடி வைத்தது அந்த அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று நினைத்தேன். நினைத்ததற்கும் வெட்கப்படுகிறேன். என்னை இரண்டு தரப்பும் எப்படிக் கூப்பிட்டாலும் சரி, அவனை மட்டும் எதுவும் சொல்லாதீர்கள்.

எண்ணிப் பார்த்தேன், நாற்பது வரிக்கு மேல் வரும். பதினைந்தாக்கினேன். முதல் வெட்கம் நின்றது, இரண்டாவது போயிற்று. கண்ணிவெடி போயிற்று, நண்பர் போனார். “நான் தமிழன் என்று சொல்ல முடியவில்லை” என்று தலைப்பு வைத்தேன். அதுவும் என் சரக்குதான், அவர் எழுதியது அல்ல. இடது பத்தியில் தேசத் துரோகி பற்றிய கடிதம், வலது பத்தியில் இது. தராசு நேராக நின்றது.

வேண்டுமென்றே செய்தேனா? இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தை மேலிருந்து படித்து, இடம் முடிகிற இடத்தில் வெட்டுவது வழக்கம். செய்திக்கும் அப்படித்தான், கீழே இருப்பதுதான் முதலில் போகும். ஆக, வழக்கப்படி செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பெட்டியில் அன்றைக்கு நல்ல கடிதம் குறைவாக இருந்தது, இந்தப் பக்கத்துக்கு ஒன்று தேவைப்பட்டது, ராணுவத்தில் இருந்தவனே எழுதியது கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு துள்ளல் இருந்ததும் உண்மை. பின்பக்கத்தைப் படித்த பிறகும் அந்தத் துள்ளல் குறையவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த வயதில் எனக்கு அந்தப் போர் பிடிக்கவில்லை. புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்து 1987 செப்டம்பர் 26 அன்று இறந்ததையும், அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் சுடப்பட்டதையும் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் இருந்தவன் நான். படையில் ஏறத்தாழ 1,200 பேர் செத்ததும் தெரியும். ஆனால் அது ஒரு எண்ணாகத் தெரியும். மருத்துவமனை அப்படி இல்லை. தராசு பிடித்த கைக்கும் ஒரு சாய்வு இருந்தது என்றால் இதுதான்.

இங்கே ஒரு விஷயம். தமிழ்நாடே அந்தப் போரை வெறுத்தது என்று இன்றைக்குச் சுலபமாக எழுதிவிடுகிறோம். கடிதக் கட்டை மட்டும் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் படையை அனுப்பியது காங்கிரஸ் அரசு. 1989 நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் இங்கே காங்கிரஸும் அதிமுகவும் சேர்ந்து 39இல் 38 இடத்தைப் பிடித்தன. அதே வருடம் ஜனவரியில் ஆட்சியைப் பிடித்திருந்த திமுகவுக்கு ஒன்றுகூட இல்லை. கடிதம் எழுதுகிறவன் வேறு, ஓட்டுப் போடுகிறவன் வேறு என்பதா, இல்லை அதே ஆள்தான் இரண்டும் செய்தானா, எனக்கு விளங்கவில்லை. வரவேற்கப் போகாதது நாலு ஓட்டுக்காக என்று எழுதியவர்களுக்கும், போனது நாலு ஓட்டுக்காக என்று எழுதியவர்களுக்கும் இந்தக் கணக்கு ஏனோ ஞாபகம் வரவில்லை.

கடிதம் வெளிவந்து பத்து நாள் இருக்கும். மத்தியானம் மூன்று மணி. வாட்ச்மேன் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, நன்றாகத் தேய்த்தது. ஷூ பாலிஷ் போட்டிருந்தது. கையில் மஞ்சள் பை. நான் எழுந்து நாற்காலி போட்டேன். அவர் உட்காரவில்லை. பையிலிருந்து எங்கள் பேப்பரை எடுத்தார். அந்தப் பக்கம் மட்டும் வெளியே தெரியும்படி நான்காக மடித்திருந்தார்.

சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன், ‘கடிதங்களைச் சுருக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு’ என்று பக்கத்தின் கீழே தினமும் போடுகிறோமே. அவர் அதையெல்லாம் கேட்கவில்லை.

“டீக்கடையில ஒருத்தர் சத்தமா படிச்சாருங்க சார். கைதட்டினாங்க. இன்னொருத்தர் எந்திரிச்சுப் போயிட்டாரு. அவர் என்கூட ரெஜிமெண்ட்ல இருந்தவரு.” கொஞ்ச நேரம் பேசவில்லை. “மீதி இருக்குதா சார்? குடுத்தீங்கன்னா டீக்கடைல காட்டிட்டு வந்துருவேன். மறுபடி போடச் சொல்லல.”

“இல்லீங்க, அதெல்லாம் வச்சுக்கிறதில்லை.”

“சரிங்க சார்” என்றார். பேப்பரை அதே மடிப்பில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். டீ வாங்கித் தருகிறேன் என்று நான் சொன்னது அவர் மாடிப்படி இறங்கின பிறகு.

வெளியிட்ட கடிதங்களை மேஜைக் கம்பியில் குத்தி ஒரு மாதம் வைத்திருப்போம். யாராவது வழக்குப் போட்டால் வேண்டும் என்பதற்காக. எனக்கு அது தெரியும். அவர் நின்ற இடத்திலிருந்து கம்பி இரண்டு அடி.

ஏன் அப்படிச் சொன்னேன்? முழுக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போட்டிப் பேப்பருக்குப் போய்விட்டால் செய்தி ஆசிரியர் என்னைத் தொலைத்துவிடுவார் என்ற பயம் ஒரு காரணம். அப்படிப் போகிற ஆள் அவர் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. இன்னொரு காரணத்தைப் பிற்பாடு கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்: முழுசாகக் காட்டியிருந்தால் எழுந்து போனவர் திரும்பி வந்திருப்பார், ஆனால் கைதட்டியவர்கள் இவரைத் துரோகி என்றிருப்பார்கள். பாதியோடு நின்றதால் ஒரு பக்கத்து ஏச்சோடு போயிற்று. இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, “அப்ப அந்தாளுக்கு நீ நல்லதுதான் பண்ணியிருக்கே” என்றார். அவர் கிண்டலாகச் சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கம்பியைப் பார்த்தேன். மேலிருந்து ஏழெட்டுத் தாளுக்குக் கீழே இருந்தது. பெயருக்கு நடுவில் ஓட்டை. கவர் எடுத்து அவர் முகவரியை எழுதினேன். கூட ஒரு வரியாவது எழுத வேண்டும் அல்லவா? என்னவென்று எழுதுவது? தேடிப் பார்த்ததில் கிடைத்தது என்றா? நாளைக்கு எழுதலாம் என்று டிராயரில் வைத்தேன். நாட்கள் போயின. 1991 ஜனவரி 30 அன்று திமுக ஆட்சியைக் கலைத்தார்கள், வேறு வகைக் கடிதங்கள். ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட மே 21க்குப் பிறகு இரண்டாவது பெட்டி ஒரே நாளில் காலியாயிற்று. இனத் துரோகி என்று எழுதிக்கொண்டிருந்த பல கையெழுத்துகளை எனக்கு அடையாளம் தெரியும், அதில் சிலர் ஜூனில் தேசத் துரோகி என்று எழுத ஆரம்பித்திருந்தார்கள். தராசு என்ற பேச்சே எழவில்லை. அந்தக் களேபரத்தில் என் மேஜையை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். கவர் பழைய தாளோடு போயிருக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் டெல்லி போனபோது தேசியப் போர் நினைவிடத்தைப் பார்க்கப் போனேன். 2019 பிப்ரவரியில் திறந்தது. இந்தியா கேட் பக்கத்தில், வட்டம் வட்டமாகக் கருங்கல் சுவர், கல்லுக்கு ஒரு பெயர். இலங்கையில் இறந்தவர்களும் இருக்கிறார்கள். பின்பக்கத்தில் இருந்த அந்தப் பெயரைத் தேடினேன். சாமி என்று முடியும் என்பது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. அங்கே நின்ற சிப்பாய் ஒருவர் உதவிக்கு வந்தார். எந்த ரெஜிமெண்ட் என்று இந்தியில் கேட்டார். தெரியாது என்றேன். உறவா என்று கேட்டார். “நஹீ” என்றேன்.