கண்ணு காணல்வா?

பெங்களூருக்கு வந்த பிறகு எனக்குப் புரிந்த முதல் கன்னடம் "கண்ணு காணல்வா?" என்பதுதான். கண் தெரியலையா என்று கேட்கிறார்கள். யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கண்ணும் நம்ம சொல், காண்பதும் நம்ம சொல். 2022 ஜூலை அது, நான் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு மைதானத்தில் 13 வயதுக்கு உட்பட்ட பையன்களின் ஆட்டத்துக்கு நான் ரெஃப்ரி. ஒரு த்ரோவை எந்த டீமுக்குக் கொடுப்பது என்பதில் ஆரம்பித்தது. என் தோள் உயரம்கூட இல்லாத ஒரு பையன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதைக் கேட்டான். கேட்டுவிட்டு பந்துக்குப் பின்னால் ஓடிவிட்டான், அவனுக்கு அது அங்கேயே முடிந்துபோனது. நான் அன்று ராத்திரி வாடகை வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் அந்த த்ரோவையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

நான் கடலூர்க்காரி. மஞ்சக்குப்பம் மைதானத்தில் விளையாடி வளர்ந்தவள். எங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் ஃபுட்பால் ஆடுவது அதிசயம் இல்லை. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் எங்கள் ஊர்ப் பெண். 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி கட்டாக்கில் மணிப்பூரைத் தோற்கடித்து தேசியப் பட்டத்தை முதல் முறையாக வாங்கியபோது, நானே போய் ஆடி ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு. அதற்கு முன்பே கல்லூரியில் முழங்காலில் தசைநார் அறுந்து, ஆபரேஷன் முடிந்து, இனி வேகமாகத் திரும்பக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மைதானத்தை விட்டு வெளியே போக மனசு வரவில்லை, விசிலைக் கையில் எடுத்தேன். அப்புறம் கல்யாணம், கணவரின் வேலை எலக்ட்ரானிக் சிட்டியில், மூட்டை முடிச்சோடு இங்கே வந்து சேர்ந்தோம். விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று ஒரு ராத்திரி பஸ் தூரம்தான். மாநிலம் மட்டும்தானே மாறுகிறது என்று அம்மா சொன்னார். எனக்கு அப்படி இருக்கவில்லை.

கடலூரில் பையன்கள் திட்டாமல் இல்லை. "அக்கா, நல்லா பாருங்கக்கா!" என்று கத்துவார்கள், மண்ணை உதைப்பார்கள். ஆனால் அந்த 'அக்கா'வில் ஒரு உறவு இருந்தது. ஆட்டம் முடிந்ததும் அதே பையன் என் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வருவான். இங்கே நான் 'மேடம்', பழக்க தோஷத்தில் பாதிப் பேருக்கு 'சார்'. ஒயிட்ஃபீல்ட், சர்ஜாபூர் ரோடு பக்கத்து டர்ஃப்களில் பையன்கள் இங்கிலீஷில் வாதாடுவார்கள், வேலிக்கு வெளியே அப்பாக்கள் ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டே இந்தியில் கத்துவார்கள். ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் பக்கம் வந்தால் கன்னடம், தமிழ், உருது எல்லாம் ஒரே வாக்கியத்தில் வரும். ஒரு கோச் என்னைப் பார்த்து "ரூல்ஸ் ஓதிதீரா மேடம்?" என்று கேட்டபோது எனக்குக் கோயிலில் தேவாரம் ஓதுபவர்தான் ஞாபகம் வந்தார். கன்னடத்தில் ஓதுவது என்றால் படிப்பது என்று அடுத்த நாள்தான் தெரிந்தது. தெரிந்ததும் வலித்தது. புரியாதவரை சத்தமாக மட்டும் இருந்த மைதானம், புரியப் புரியப் பேச்சாக மாறியது. மொழி கற்றுக்கொள்வதில் இப்படி ஒரு செலவு இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த முதல் வருஷம் முழுக்க நான் ஒரே தப்பைச் செய்துகொண்டிருந்தேன். யார் என்ன கத்தினாலும் 'நீ இந்த ஊர்க்காரி இல்லை' என்றுதான் என் காதில் விழும். ஆஃப்சைடு என்று கத்தினாலும் அதுதான், கார்னர் என்று கத்தினாலும் அதுதான். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது இல்லையா, 1991-இல் வைத்து, 18 வருஷம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்களே, ஆட்டத்துக்குப் போகும் வழியில் சில நாள் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவேன். வள்ளுவருக்கே 18 வருஷம் ஆகியிருக்கிறது என்று நினைத்தால் மூச்சு கொஞ்சம் இறங்கும்.

ரெஃப்ரி காட்டும் மஞ்சள், சிவப்பு கார்டு எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு இந்த வேலை மேலேயே புதிதாக ஒரு பாசம் வந்தது. 1966 உலகக் கோப்பை, வெம்ப்ளியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடிய காலிறுதி. ரெஃப்ரி ருடால்ஃப் கிரைட்லைன் ஜெர்மன்காரர், அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. அர்ஜென்டினா கேப்டன் அன்டோனியோ ராட்டினுக்கு ஜெர்மன் தெரியாது. வெளியே போ என்கிறார் ரெஃப்ரி, மொழிபெயர்க்க ஆள் கேட்கிறார் கேப்டன், ஆட்டம் அப்படியே நின்றது. அந்த உலகக் கோப்பையில் ரெஃப்ரிகளுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன், காரில் போகும்போது டிராஃபிக் சிக்னலைப் பார்த்து யோசித்ததுதான் மஞ்சளும் சிவப்பும். 1970-இல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில் முதலில் வந்தது. ஒரு ஊர்க்காரன் பேச்சு இன்னொரு ஊர்க்காரனுக்குப் புரியாததால் பிறந்த அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. கன்னடம் தடுமாறும் நாட்களில் அது எனக்காகப் பேசும்.

2023 மார்ச் 3, வெள்ளிக்கிழமை. கண்டீரவா ஸ்டேடியத்தில் பெங்களூரு எஃப்சிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் ஐஎஸ்எல் பிளே-ஆஃப். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி ஃப்ரீகிக்கை, எதிரணி ஆட்கள் சுவர் மாதிரி வரிசையாக நின்று முடிக்கும் முன்பே அடித்து பெங்களூருக்கு கோல் போட்டார். அந்த கோலை ஏற்காமல் கேரள அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. பின்னால் அவர்களுக்கு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டார்கள். இது நடந்து இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, எனக்கு 15 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆட்டம். எல்லா ஃப்ரீகிக்கிலும் பையன்கள் என் விசிலுக்கு முன்பே அடிக்கப் பார்க்கிறார்கள், அடித்தால் அடுத்த டீம் சூழ்ந்துகொள்கிறது. விதி என்னவோ எளிதுதான். ரெஃப்ரி காத்திரு என்று சொல்லாதவரை சீக்கிரமாக அடிக்கலாம். விசிலைக் கையால் காட்டி நிறுத்திவிட்டால் விசில் வந்த பிறகுதான் அடிக்க வேண்டும். அன்று ஆட்டத்தை நிறுத்தி இரண்டு கேப்டன்களையும் அழைத்து, கையால் விசிலைக் காட்டி, தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து இதைச் சொன்னேன். அதன் பிறகு அந்த விஷயத்தில் ஒரு சத்தமும் இல்லை. பையன்கள் கத்துவதில் பாதி தெரியாமல் கத்துவது, அது என்னைப் பற்றியதே இல்லை என்று எனக்கு உறைத்த நாள் அதுதான்.

ஆனாலும் மொத்தமாக மாறிவிட்டேன் என்று சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். முந்தின நாள் மழை, கோல் முன்னால் சேறு. 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 0-0, முடிய ஐந்தாறு நிமிஷம். வலது பக்கமிருந்து வந்த பந்து ஒரு டிஃபெண்டரின் மேல் பட்டது. நான் நின்ற இடத்திலிருந்து கையில் பட்ட மாதிரிதான் தெரிந்தது. விசில் அடித்து பெனால்டி இடத்தைக் காட்டினேன். அந்தப் பையன் தோளைத் தட்டித் தட்டிக் காட்டினான். நான் தலையசைத்து மறுத்தேன். அவன் திரும்பிக்கொண்டு, பக்கத்தில் நின்ற கோல்கீப்பரிடம் தமிழில் சொன்னான்: "எங்கிருந்தோ வந்துட்டு நம்ம உயிரை வாங்குது."

'வாங்குறாங்க' இல்லை, 'வாங்குது'. எனக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு சொன்னது. இத்தனை நாள் கன்னடத்திலும் இந்தியிலும் நானாகக் கற்பனை செய்துகொண்டதை ஒருத்தன் என் மொழியிலேயே சொல்லிவிட்டான்.

"கடலூர்லேருந்து வந்திருக்கேன் தம்பி. தள்ளிப் போய் நில்லு" என்றேன். அவன் முகத்தில் ரத்தம் வற்றியதை இப்போதும் பார்க்க முடிகிறது, கீழ் உதட்டில் ஒட்டியிருந்த சேறுகூட ஞாபகம் இருக்கிறது. மஞ்சள் கார்டு காட்டினேன். பெனால்டி கோலானது. 1-0, ஆட்டம் முடிந்தது.

அப்புறம் ஒரு அப்பா ஃபோனோடு வந்தார். சத்தம் போடவில்லை, பாருங்க மேடம் என்று மட்டும் சொல்லி நீட்டினார். அதில் தெளிவாக இருந்தது. பந்து பட்டது தோளில். விதிப்படி கை என்பது அக்குளின் அடிமட்டத்துக்கு நேராக ஆரம்பிக்கிறது, அதற்கு மேலே பட்டால் ஹேண்ட்பால் கிடையாது. பையன் தட்டிக் காட்டியது சரியான இடத்தைத்தான்.

ஸ்ரீராமபுரத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார், பல வருஷமாக இங்கே விசில் அடித்தவர், எனக்கு இந்த ஊரில் வழி காட்டியவர்களில் முதல் ஆள். அவருக்கு ஃபோன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். தப்பு எல்லாரும்தான் பண்ணுறோம், அதை விடு என்றார். பிறகு கேட்டார்: "அவன் வாயைத் திறந்ததுக்கு அப்புறம் நீ பந்தைப் பத்தி யோசிச்சியா, அவனைப் பத்தி யோசிச்சியா?"

பதில் சொல்ல முடியவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்காதவரை ரெஃப்ரி தன் முடிவை மாற்றிக்கொள்ளலாம். பெனால்டி அடிக்கும் முன் எனக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் இருந்தது. அந்தப் பக்கத்து லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கவே இல்லை, நடந்துபோய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தப் பையன் தோளைத் தட்டியபோது எனக்குள் ஒரு சின்னச் சந்தேகம் எழுந்தது உண்மை. அவன் பேசியதும் அது அணைந்துபோனது, அதற்குப் பிறகு நான் சரி என்று நிரூபிப்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. திட்டு வாங்கினால் மனசு புண்படும், அது என் பாடு, வீட்டுக்குப் போய் பார்த்துக்கொள்ளலாம். அது என் கண்ணை மூடிவிடுகிறது என்பது வேறு விஷயம், அதில் ஒரு டீம் தோற்றுப்போனது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாராவது கத்தினால் முதலில் பந்து எங்கே பட்டது, நான் எங்கே நின்றேன், யார் என்னைவிட நன்றாகப் பார்த்திருப்பார் என்பதை முடித்துக்கொள்வேன். சந்தேகம் இருந்தால் லைன்ஸ்மேனிடம் போவேன், யார் சிரித்தாலும் சரி. பேசியவனை அதற்குப் பிறகுதான் கவனிப்பேன். முடிவை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன், நின்றால் வாதம் வளரும். முடிவுக்கு எதிராகக் கையை விரித்துக் காட்டிக்கொண்டே இருந்தால் மஞ்சள். கேவலமான பேச்சுக்குச் சிவப்பு, அதில் நான் ஒரு வினாடிகூட யோசிப்பதில்லை. ஒரு முறை ஒரு பையன் என் உடம்பைப் பற்றிச் சொன்னான், பெரிய பையன்தான், கோச் வந்து குழந்தை மேடம் என்றார். சிவப்பைக் காட்டினேன், ரிப்போர்ட்டில் அவன் சொன்ன சொல்லை அப்படியே எழுதினேன். இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. (கோச்களோடு நடக்கும் சண்டை தனிக்கதை. 2025 ஜூலையிலிருந்து கோல்கீப்பர் பந்தை 8 வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். இன்னும் பழைய 6 வினாடிக் கணக்கை வைத்து என்னோடு மல்லுக்கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.)

அந்தப் பையனைத் தேடிப் போனேன். ரெஃப்ரி இப்படிப் போகலாமா என்று எனக்கே தயக்கம் இருந்தது, அண்ணனும் மைதானத்தில் வைத்துச் சொல்லாதே என்றுதான் சொல்லியிருந்தார். ஆட்டம் இல்லாத ஒரு சாயங்காலம் கௌதமபுரத்துக்கு நடந்தேன். பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் தெரு அது, அங்கே பந்து உதைக்காத பையனைப் பார்ப்பது கஷ்டம். நாலைந்து பேரோடு நின்றிருந்தான், என்னைப் பார்த்ததும் பந்தைக் காலால் நிறுத்தினான்.

"அன்னைக்கு அது ஹேண்ட் இல்லை. நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், "அப்போ அந்த மஞ்சள் கார்டு?" என்றான்.

"அது சரியான கார்டுதான். நீ பேசினது பேசினதுதானே."

தலையைக் குனிந்துகொண்டான். "சாரிக்கா" என்றான், காதில் சரியாக விழாத குரலில். பெங்களூரில் ஆட்டத்துக்கு வெளியே ஒரு பையன் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு பந்தை எடுத்துத் தன் தோளின் மேல் வைத்து, "இங்கே பட்டா?" என்றான். இல்லை என்றேன். ஒரு விரல் அளவு இறக்கி, "இங்கே?" என்றான். இல்லை. சட்டைத் தையலைத் தாண்டி அக்குளுக்கு நேராக வந்து, இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியதும், "இங்கே பட்டா ஹேண்ட்" என்று விரலால் கோடு போட்டுக் காட்டினேன். மற்றப் பையன்களும் கிட்டே வந்துவிட்டார்கள். கையை ஒட்டி வைத்திருந்தால், கீழே விழும்போது தரையில் ஊன்றினால், சறுக்கினால், முகத்தைக் காப்பாற்றத் தூக்கினால் என்று தெருவிளக்கு போட்ட பிறகும் ஆளுக்கொரு கையை நீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.