பார்க்கலாம், தொடக்கூடாது

முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு ஒரு நாட்டின் மனிதர்கள் முதலில் தோலாகத்தான் அறிமுகமாகிறார்கள். எனக்கு அவுஸ்திரேலியா அப்படித்தான் அறிமுகமானது. கன்பராவுக்கு வந்த புதிதில், படித்த படிப்புக்கு இங்கே வேலை கிடைக்காமல், முதியோர் பராமரிப்புக்கான சேர்ட்டிபிக்கேட் 3 படித்து முடித்தேன். வேலை விடியப்புறம் தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரரின் முகம்கூடச் சரியாகப் பிடிபடாத அந்த நாட்களில், தொண்ணூறு வயதுக்காரர்களின் குதிக்காலும் முழங்கையும் இடுப்பெலும்பும் எனக்கு நன்றாகத் தெரியும். படுத்தே கிடப்பவர்களுக்கு அழுத்தம் விழும் இடங்கள் அவை. குளிப்பாட்டும்போதெல்லாம் அங்கே சிவந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வயது போகப்போகத் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு கரைந்துவிடும், சிறிய இரத்தக்குழாய்கள் இலேசாக உடையும். முன்னங்கைகளில் ஊதாத் திட்டுகள் வருவது அதனால்தான். கதிரைக் கைப்பிடியில் உரசினாலே தோல் கிழிந்துவிடும் என்பதால் காலையும் மாலையும் கிறீம் பூசுவோம்.

ஆனால் அந்தப் பார்வை நொடிநேரப் பார்வை. கழுவாத பகுதியைத் துவாயால் மூடிவைக்க வேண்டும், எதையாவது கதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கண் ஓரிடத்தில் நிற்கக்கூடாது. எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு மூதாட்டி, வாழ்நாளெல்லாம் தையல்வேலை செய்தவர், உடுப்பைக் கழற்றத் தொடங்கியதும் “என் முகத்தைப் பார்த்துக் கதை” என்பார். அப்படியே பழகிக்கொண்டேன். கை உடம்பில் இருக்கும், கண் முகத்தில் இருக்கும். வெளியிலும் இதே கட்டுப்பாடுதான். பஸ்ஸில் ஒருவரையொருவர் பார்க்க நேர்ந்தால் சின்னதாகச் சிரித்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். அதில் குறை ஒன்றுமில்லை, இங்குள்ள மரியாதை அது. ஆனாலும் யாருடைய முகத்தையும் ஆறுதலாக, வேண்டிய மட்டும் பார்க்க முடியாதது எனக்குப் பெரிய தனிமையாக இருந்தது. ஊர், மொழி, உறவு என்று தொலைத்தவற்றுக்கெல்லாம் பெயர் சொல்லலாம். இந்த இழப்புக்குப் பெயர் இல்லாததால் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

என்னோடு வேலை செய்த அக்கா ஒருவர்தான் என்னை பர்லி கிரிபின் ஏரிக்கரையிலுள்ள தேசிய கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். 2017 ஒக்டோபரிலிருந்து 2018 பெப்ரவரி வரை அங்கே ‘ஹைப்பர் ரியல்’ என்றொரு கண்காட்சி நடந்தது. அச்சு அசல் மனிதர்களாகத் தெரியும் சிற்பங்கள். “பாரும் பிள்ளை, எங்கட ஆக்கள் மாதிரியே இருக்கினம்” என்று சொல்லித்தான் அழைத்தார். எங்கட ஆக்கள் என்று அவர் சொன்னது இல்லத்து முதியவர்களை.

சிற்பி சாம் ஜிங்க்ஸ் 2010இல் செய்த ‘பெண்ணும் குழந்தையும்’ முன்னால் நான் நின்ற நேரம் அக்காவுக்கே பொறுக்கவில்லை. வயதான பெண் ஒருவர் கண்மூடி நிற்கிறார், நெஞ்சோடு ஒரு பச்சைக் குழந்தை. உண்மையான ஆளைவிடச் சற்றுச் சிறிய உருவம். நான் முதலில் பார்த்தது கைகளைத்தான், வேலைப்பழக்கம். புறங்கை நரம்பு மேடுபட்டு ஓடுகிறது. விரல் மூட்டுகளில் தோல் இழுபட்டு மினுங்குகிறது, அதற்குச் சற்று மேலே தளர்ந்து மடிகிறது. கழுத்தடியில் வெயில் பட்ட தோலுக்கும் உடுப்புக்குள் இருந்த தோலுக்கும் நிறம் மாறுகிற இடத்தைத் தேடினேன். இருபது சென்ரிமீற்றர் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம், யாரும் கூச்சப்படப் போவதில்லை. நாள் முழுக்கத் தொட்டும் பார்க்க முடியாத ஒன்றை இங்கே பார்த்துக்கொண்டே நிற்கலாம். தொட மட்டும் கூடாது. என் விரல்கள் தாமாகவே கிறீம் குப்பியைத் தேடின.

அது எப்படி உயிருள்ள தோலாகத் தெரிகிறது என்பதைப் பிறகு தேடிப் படித்தேன். மனிதத் தோலில் படும் வெளிச்சம் முழுவதும் மேற்பரப்பிலிருந்தே திரும்பிவிடுவதில்லை. கொஞ்சம் உள்ளே போய்ச் சிதறி வெளியே வருகிறது. இந்தச் சிற்பங்களைச் செய்கிற சிலிக்கோனும் அப்படித்தான் வெளிச்சத்தை உள்ளே விடும். அதனால் நிறத்தை மேலே பூசுவதோடு விடாமல் சிலிக்கோனுக்குள்ளேயே கலந்து, மெல்லிய படைகளாக ஏற்றுகிறார்கள். நீல நரம்பு அடியிலுள்ள படையில் கிடக்கும், சிவப்பு அதற்கு மேலே வரும். முடியை ஊசியால் ஒவ்வொன்றாக, அது முளைக்கும் சாய்வு பார்த்துக் குத்துகிறார்கள். ஜிங்க்ஸ் முன்பு சினிமா, தொலைக்காட்சிக்குச் செயற்கை உருவங்கள் செய்தவர். பற்றீசியா பிச்சினீனியின் சிற்பங்களிலும் வேலை செய்தவர்.

பிச்சினீனியை எனக்குப் பிடித்ததற்கு வேறு காரணமும் உண்டு. அவர் 1965இல் சியரா லியோனின் பிறீற்றவுணில் பிறந்து, 1972இல் சிறுபிள்ளையாக அவுஸ்திரேலியாவுக்கு வந்தவர். கன்பராவின் நூற்றாண்டுக்கு 2013இல் பறந்த அந்தப் பிரமாண்டமான ‘ஸ்கைவேல்’ பலூனும் அவருடையதுதான். ‘நெடுநாள் காத்திருப்பு’ என்ற 2008ஆம் ஆண்டுச் சிற்பத்தில் ஒரு சிறுவன் வாங்கில் இருக்கிறான். கடற்பசு போன்ற உடலும் முதிய மனித முகமும் கொண்ட ஓர் உயிர் அவன்மேல் சாய்ந்து கிடக்கிறது. இரண்டு பேரும் நித்திரை. அந்த உயிரைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் உண்டு. எனக்கோ, யாரென்று தெரியாத ஒருவரின் பாரத்தைத் தாங்கியபடியே கண்ணயர்வது மிகவும் தெரிந்த விஷயமாக இருந்தது.

ரொன் மியூயிக்கின் ‘கர்ப்பிணிப் பெண்’ணைத் தேசிய கலைக்கூடம் 2003இல் 800,000 டொலருக்கு வாங்கியது. 252 சென்ரிமீற்றர் உயரம். கைகளைத் தலைக்குமேல் வைத்து, கண்மூடி, நிறைவயிற்றோடு நிற்கிறாள். கீழே நின்று பார்த்தால் நாம்தான் குழந்தைகள். அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு, “பாவம், ஆராவது இவவை இருக்கச் சொல்லுங்கோவன்” என்றார். அதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கும் வாசித்ததில்லை. மியூயிக் 1958இல் மெல்பேர்ணில், ஜேர்மனியிலிருந்து குடியேறிப் பொம்மை செய்து வாழ்ந்த பெற்றோருக்குப் பிறந்தவர். அவருடைய மனிதர்கள் பெரிதாக இருப்பார்கள் அல்லது சிறிதாக இருப்பார்கள், சரியான ஆளளவில் இருக்கமாட்டார்கள். ஆளளவு மனிதரை நாள்தோறும் சந்திக்கிறோமே, அதில் தனக்கு ஆர்வமில்லை என்று சொல்லியிருக்கிறார். இறந்த தன் தகப்பனை அவர் 1996–97இல் ஒரு மீற்றர் நீளத்துக்குச் செய்தார், தலைமுடிக்குத் தன் முடியையே வைத்தார். அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இறந்தவரைக் கடைசியாகக் கழுவித் துடைத்தவர்களுக்கு அந்த அளவு ஏன் சரி என்பது உடனே விளங்கும். உயிர் போனதும் உடம்பு சிறுத்துத்தான் தெரியும்.

அமெரிக்கரான டுவேன் ஹான்சன் (1925–1996) இதற்கு எதிர்ப்பக்கம். உயிருள்ள ஆட்களின் உடம்பிலேயே அச்செடுத்து, உண்மையான உடுப்பு மாட்டி, அதே அளவில் நிறுத்துவார். துப்புரவுத் தள்ளுவண்டியோடு நிற்கும் ‘குவீனி 2’ (1988) அவருடையது. வேலைத்தலத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்காத அந்தப் பெண்ணைச் சுற்றிவந்து பார்க்க வைத்தாரே, அதற்காகவே அவரை மதிக்கிறேன். மயிர்க்கால்வரை கெட்டித்தனம் காட்டி, ஆளைக் காட்டாத சிற்பங்களும் இந்த வகையில் நிறைய உண்டு. அவற்றை வியந்துவிட்டு நடந்துவிடலாம்.

அடுத்த வேலைநாளில் தையல்கார மூதாட்டியிடம் கண்காட்சியைப் பற்றிச் சொன்னேன். முடியை ஊசியால் குத்துகிற கதை அவருக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. எத்தனையாம் நம்பர் ஊசி என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை. கைகளை எப்படிச் செய்திருந்தார்கள் என்று கேட்டார். நான் விளக்க விளக்க, தன் இரண்டு கைகளையும் போர்வைக்கு மேலே வைத்து, “சரியாய்ப் பார்த்துச் சொல், இப்படியா?” என்றார். பார்த்தேன். வலது பெருவிரல் நுனியில் ஊசி ஏறிய பழைய தழும்புகள், கத்தரிக்கோல் பிடித்து ஒருபக்கம் சரிந்துபோன நடுவிரல். எந்தத் தழும்பு எந்த வருடத்துக் கலியாண உடுப்பில் வந்தது என்று அவர் சொல்லச் சொல்ல, முகம் கழுவவைத்த தண்ணீர் ஆறிப்போய் வேறு தண்ணீர் எடுக்கவேண்டியிருந்தது.

இப்போது இல்லத்தில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளைப் பழக்குகிற பொறுப்பு என்னிடம் இருக்கிறது. நேபாளம், கேரளம், பிலிப்பைன்ஸ் என்று பல இடங்களிலிருந்தும் வருகிறார்கள், பலருக்கு முதுமையான உடம்பு பயம். ஓய்வுநாள் ஒத்துவந்தால் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போவேன். நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. கர்ப்பிணிப் பெண் எந்நேரமும் காட்சியில் இருப்பதில்லை, ஆகவே புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. அவள் இருந்தால், கிட்டப் போய்க் கால்விரலில் தொடங்கி மேலே பார்க்கச் சொல்லுவேன்.